பாலக்கோடு தக்காளியும் இணையவழிப் பொருளியல் பாடமும்

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தர்மபுரி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 68.5 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டு மாவட்டங்களின் வரிசையில் கடைசியில் நின்றது. அப்போது மாநிலம் முழுவதற்குமான எழுத்தறிவு 80 விழுக்காடு. படிப்பில் பின்தங்கிய மாவட்டம் என்று அரசு ஆவணங்களில் பல காலமாகக் குறிக்கப்பட்டுவந்த இதே நிலப்பரப்பில், பொருளியல் மாணவர் கற்க வேண்டிய கோட்பாடுகளுக்கெல்லாம் கண்முன் சான்றுகள் இருக்கின்றன. பாலக்கோட்டின் தக்காளி மண்டி, தர்மபுரி நகரின் பட்டுக்கூடு அங்காடி, மானாவாரி நிலத்தில் விளையும் கேழ்வரகும் சாமையும், ஒகேனக்கல்லிலிருந்து குழாய் வழியே வரும் குடிநீர், பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் குடும்பங்கள் என ஒவ்வொன்றுக்கும் பாடநூலில் ஓர் அத்தியாயம் உண்டு. அந்த அத்தியாயங்களை விளக்கும் சொற்பொழிவுகளோ, உலகின் முன்னணிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நடத்தியவை உட்பட, இன்று இணையத்தில் பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மண்டிக்கும் காணொளிக்கும் இடையே உள்ள தூரத்தை அரூரிலோ காரிமங்கலத்திலோ படிக்கும் ஒரு மாணவி எப்படிக் கடக்கிறார் என்பதை ஆராய்ந்தால், இணையவழிக் கல்வியின் வலிமையும் அதன் எல்லையும் ஒருசேரத் தெரியவரும்.

பாடத்தைப் படம்பிடித்துத் தொலைவுக்கு அனுப்பும் முயற்சி இந்தியாவுக்குப் புதியதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷன் வழியாக உயர்கல்வி நிகழ்ச்சிகளை நாடு முழுவதும் ஒளிபரப்பியது. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்ததாலும், குறித்த நேரத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்தால் மட்டுமே காண முடியும் என்பதாலும், சிற்றூர்க் கல்லூரிகளில் அவற்றின் பயன் குறைவாகவே இருந்தது. 2003-இல் 7 இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், பொறியியல் பாடங்களில் தொடங்கிப் பொருளியல், மேலாண்மை ஆகியவற்றுக்கும் விரிந்தது. 2014 முதல் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் வழியும் அதில் ஏற்பட்டது. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொரு படிப்பும் காணொளி, படிக்க வேண்டிய பாடக்குறிப்பு, தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் கேட்கும் களம் என்ற 4 கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இத்தளத்தின் வழியாகப் படித்து மதிப்புப் பெறலாம் என்று 2021-இல் மானியக் குழு அனுமதித்ததால், பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள தர்மபுரி மாவட்டக் கல்லூரிகளுக்கும் இது வெறும் துணைக்கருவி என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

உலக அளவில், சல்மான் கான் தம் உறவினர் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006-இல் யூடியூபில் பதிவேற்றத் தொடங்கிய பாடங்கள் கான் அகாதெமியாக வளர்ந்து நுண்ணினப் பொருளியலையும் பேரினப் பொருளியலையும் தம்முள் சேர்த்துக்கொண்டன. 2012-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் டைலர் கோவன், அலெக்ஸ் டாபரோக் என்னும் இரு பொருளியலாளர்கள் பொருளியலுக்கென்றே ஒரு காணொளித் தளத்தை உருவாக்கி, வளர்ச்சிப் பொருளியலை அதன் முதற்படிப்பாக வைத்தார்கள். 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் எம்.ஐ.டி. வழியாக 2017-இல் தொடங்கிய இணையவழிப் படிப்பு இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது. அதன் காணொளிகளை எவரும் காணலாம், தேர்வுக் கட்டணம் கற்பவரின் வருவாய்க்கேற்ப மாறுகிறது, தேர்வுகளில் சிறந்து விளங்குவோர் அதே நிறுவனத்தில் நேரடியாக முதுகலை படிக்கவும் விண்ணப்பிக்கலாம். ஏழை நாடுகளின் வறுமையை ஆராயும் படிப்பு, அந்நாடுகளின் மாணவர்களுக்கு எட்டும் விலையில் வந்தது பெரிய மாற்றம்தான்.

இவ்வளவும் எப்படி இலவசமாகக் கிடைக்கின்றன என்ற வினாவுக்கே பொருளியல் விடை வைத்திருக்கிறது. ஒரு பொருளை எவ்வளவு உற்பத்தி செய்தாலும் மாறாமல் நிற்கும் செலவை மாறாச் செலவு என்றும், கூடுதலாக ஓர் அலகு உற்பத்தி செய்ய ஆகும் செலவை இறுதிநிலைச் செலவு என்றும் மேல்நிலை வகுப்புப் பாடநூல் சொல்கிறது. ஒரு காணொளிப் பாடத்துக்குப் பேராசிரியரின் உழைப்பு, ஒளிப்பதிவுக் கூடம், தொகுப்பு ஆகிய மாறாச் செலவுகள் அதிகம். ஆனால் அதை ஆயிரமாவது மாணவர் பார்ப்பதால் ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய சுழியம். மேலும், பென்னாகரத்தில் ஒருவர் பார்ப்பதால் பாலக்கோட்டில் இன்னொருவர் பார்ப்பது தடைபடுவதில்லை. ஒருவர் நுகர்வு மற்றவரின் நுகர்வைக் குறைக்காத இத்தன்மையைப் போட்டியற்ற நுகர்வு என்பார்கள். ஆனால் கற்றலில் எல்லாமே இத்தன்மை உடையது அன்று. மாணவி நோட்டில் வரைந்த தேவைக்கோடு தவறான திசையில் சாய்ந்திருந்தால் அதைக் கண்டு, ஏன் தவறு என்று கேட்டு, திருத்திக் காட்டும் ஆசிரியரின் நேரம், ஒருவருக்குச் செலவிட்டால் மற்றவருக்கு இல்லாமல் போகிற பண்டம். அதன் இறுதிநிலைச் செலவு குறையவே குறையாது. விளக்கம் மலிவாகிவிட்டது, நோட்டைத் திருத்துவது மலிவாகவில்லை என்ற இந்த வேறுபாட்டை மறந்து வகுக்கப்படும் எந்த இணையவழிக் கல்வித் திட்டமும் தர்மபுரி போன்ற மாவட்டத்தில் பாதியில் நின்றுவிடும்.

இந்த மாவட்டத்தில் பொருளியல் காணொளி எங்கே மிகச் சிறப்பாகப் பயன்பட முடியும் என்பதற்குத் தக்காளியே தக்க சான்று. பாலக்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் விளையும் தக்காளி மண்டிக்கு வந்து, அங்கிருந்து பிற மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் செல்கிறது. 2023 ஜூலையில் தக்காளியின் சில்லறை விலை நாடெங்கும் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. வேறு சில பருவங்களிலோ பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலை கிடைத்து, விவசாயிகள் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் செய்திகள் வருகின்றன. இந்த ஏற்ற இறக்கத்துக்கு வியாபாரிகளின் பேராசையே காரணம் என்பது பரவலான நம்பிக்கை. அதில் ஓரளவு உண்மை இருக்கலாமென்றாலும், வியாபாரிகள் அனைவரும் நேர்மையாக நடந்துகொண்டாலும் இந்த ஊசலாட்டம் தொடரும் என்று விளக்கும் கோட்பாடு ஒன்று உண்டு.

1934-இல் நிக்கோலஸ் கால்டார் பெயரிட்டு, 1938-இல் மோர்டெகாய் எசகீல் விரித்துரைத்த அது, சிலந்தி வலைக் கோட்பாடு எனப்படுகிறது. நாற்று நட்டு 2 மாதங்களுக்கும் மேலான பிறகே தக்காளியின் முதற்பறிப்பு வருகிறது. ஆகவே எவ்வளவு நிலத்தில் நடுவது என்பதை விவசாயி நடும் நாளின் விலையைப் பார்த்து முடிவு செய்கிறார், விற்கும் நாளின் விலையை அவரால் அறிய முடியாது. விலை உயர்ந்திருந்த நாளில் பலரும் ஒருசேர நட்டால், பறிப்புக் காலத்தில் அளிப்பு, அதாவது விற்பனைக்கு வரும் அளவு, பெருகி விலை விழுகிறது. விழுந்த விலையைக் கண்டு பலரும் வேறு பயிருக்கு மாறினால், அடுத்த பருவத்தில் அளிப்பு சுருங்கி விலை ஏறுகிறது. இதைத் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் உள்ள படத்தில் படிப்படியாக வரைந்தால், அளிப்புக்கோட்டிலிருந்து தேவைக்கோட்டுக்கும் அங்கிருந்து மீண்டும் அளிப்புக்கோட்டுக்கும் மாறி மாறிச் செல்லும் அம்புக்குறிகள் சிலந்தி வலையின் தோற்றத்தைத் தருகின்றன. விலை மாற்றத்துக்கு வாங்குவோரைவிட விளைவிப்போர் கூடுதலாக அசைந்து கொடுத்தால் வலை வெளிநோக்கி விரிந்து ஊசலாட்டம் பெருகும். வாங்குவோர் கூடுதலாக அசைந்து கொடுத்தால் அது உட்சுருங்கி விலை ஒரு நிலைக்கு வரும். தக்காளி விலை இரட்டித்தாலும் குழம்புக்கு வேண்டிய அளவைக் குடும்பங்கள் பெரிதாகக் குறைத்துக்கொள்வதில்லை, அதாவது தேவை நெகிழ்ச்சி குறைவு என்பதே இச்சிக்கலின் ஆணிவேர். அச்சிட்ட பக்கத்தில் அசையாமல் நிற்கும் படத்தில் புரிந்துகொள்ள இயலாத இந்த நகர்வை, காணொளியில் ஒவ்வோர் அடியாக நிறுத்திப் பார்த்து, பின்னோக்கி ஓட்டி, மீண்டும் பார்த்து விளங்கிக்கொள்ள முடிகிறது. கரும்பலகையில் ஒரு முறை வரைந்து அழிக்கும் ஆசிரியரால் தர முடியாத வசதி இது.

தக்காளியைக் கொட்டிவிடும் நிகழ்வுக்கும் பாடநூலில் விளக்கம் உண்டு. ஒரு கற்பனைக் கணக்காக, ஏக்கருக்கு 40,000 ரூபாய் செலவிட்டுப் பயிரிட்டவருக்குப் பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை, கமிஷன் ஆகியவை கிலோவுக்கு 6 ரூபாய் ஆகிறது எனவும், மண்டியில் விலை 4 ரூபாய் எனவும் கொள்ளலாம். நாற்றுக்கும் உரத்துக்கும் போட்ட 40,000 ரூபாய் திரும்பி வராத மூழ்கிய செலவு. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அது போனதுதான். பறித்து விற்றாலோ கிலோவுக்கு மேலும் 2 ரூபாய் இழக்க நேரும். மாறும் செலவைக்கூட ஈடுசெய்யாத விலையில் உற்பத்தியை நிறுத்துவதே இழப்பைக் குறைக்கும் வழி என்று பொருளியல் கூறும் நிறுத்தப் புள்ளி இதுவே. செடியிலேயே பழத்தை விட்டுவிடும் விவசாயி மனமுடைந்து அறிவிழந்து செய்கிறார் என்று நகரத்துச் செய்திகள் சித்திரிப்பது தவறு. அவர் செய்வது துல்லியமான கணக்கு. பொருளியல் கற்ற மகளோ மகனோ அந்த வீட்டில் இருந்தால், தந்தை மனக்கணக்காகச் செய்ததை வரைபடமாக எழுதிக்காட்ட முடியும். கிராமத்து மாணவருக்கு இந்தப் பாடம் அந்நியமானது என்ற எண்ணம் அங்கே உடையும்.

ஆனால் இத்தகைய எடுத்துக்காட்டுடன் தமிழில் பட்டப்படிப்பு நிலைக்கு அமைந்த பொருளியல் காணொளியைத் தேடினால் ஏமாற்றமே மிகுதி. தமிழில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி இரு வகைப்படும். முதல் வகை, 2018-19 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை வரிக்கு வரி விளக்குவது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் கல்வித் தொலைக்காட்சியும், பாடநூல்களில் அச்சிடப்பட்ட க்யூ.ஆர். குறியீடுகள் வழியாகத் திறக்கும் பாடங்களும் இதற்கு உறுதுணையாக நின்று கொரோனாக் காலத்தில் பேருதவி செய்தன. இரண்டாம் வகை, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கானது. ஐந்தாண்டுத் திட்டம் எந்த ஆண்டு தொடங்கியது, நிதி ஆணையத்தின் தலைவர் யார் என்பன போன்ற செய்திகளை மனத்தில் நிறுத்த அவை பெரிதும் உதவுகின்றன. வேலை வேண்டிப் படிக்கும் இளைஞர்கள் அவற்றை நாடுவதில் குறை காண இடமில்லை. எனினும் திட்டங்களின் ஆண்டுகளை ஒப்பிக்கத் தெரிந்தவர் விலை ஏன் ஏறியது என்று சிந்திக்கத் தெரிந்தவராகிவிட மாட்டார். தேடலில் இலங்கையின் உயர்தரத் தேர்வுக்கான தமிழ்ப் பாடங்களும் கிடைக்கின்றன. அவை செறிவானவை என்றாலும், தமிழ்நாட்டுப் பாடநூலில் தேவை, அளிப்பு என்று வருபவை அங்கே கேள்வி, நிரம்பல் என்று வருவதால், வழிகாட்ட ஒருவர் இன்றி முதன்முறை கேட்பவர் திகைப்பார். இவற்றுக்கு மேல் ஆழமாகச் செல்ல விரும்பினால் ஆங்கிலமே வழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவந்த மாணவி, வேகமாகப் பேசப்படும் ஆங்கிலத்தையும் புதிய கோட்பாட்டையும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொள்ள வேண்டியிருப்பது நியாயமான சுமையன்று.

காணொளி இலவசம் என்பதும் முழு உண்மையன்று. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேர்ந்த அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பே அதன் உண்மையான செலவு என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். வாய்ப்புச் செலவு என்று அதற்குப் பெயர். கல்லூரி முடிந்து பேருந்தில் ஊர் திரும்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தம்பி தங்கையரைக் கவனித்து, சமையலில் தாய்க்கு உதவும் பெண்ணுக்கு இரவு ஒன்பது மணிக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தின் வாய்ப்புச் செலவு உறக்கம். குடும்பத்தில் ஒரே கைப்பேசி இருந்தால் அது தந்தையோடு தோட்டத்துக்கோ அண்ணனோடு பெங்களூருக்கோ போய்விடுகிறது. ஒரு மணி நேரக் காணொளி, படத்தின் தெளிவைப் பொறுத்து, சில நூறு எம்.பி. முதல் ஒரு ஜி.பி.க்கும் மேலாகத் தரவை விழுங்குகிறது. கல்லூரிகள் இணையவழியில் இயங்கிய 2021-இன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவை ஏப்ரல் வரை இலவசமாக வழங்க முன்வந்தது இந்தச் சுமையை உணர்ந்ததால்தான். தேர்தல் காலங்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதையின் முதுகில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்த கோட்டூர் மலை போன்ற ஊர்களைக் கொண்ட மாவட்டத்தில், கைப்பேசிச் சமிக்ஞை எல்லா வீட்டுக்கும் ஒரே சீராக எட்டும் என்று எதிர்பார்ப்பதும் பிழை. புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்தோருக்கு மாதம் 1,000 ரூபாய் வருவதால் தரவுச் செலவு ஓரளவு தாங்கக்கூடியதாகியுள்ளது. நேரத்தின் செலவை அந்தத் தொகை ஈடுசெய்யாது.

இணையவழிப் படிப்புகளில் சேர்வோர் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பது குறித்த ஆய்வுகள், இலவசக் காணொளி மட்டுமே போதுமா என்ற ஐயத்தை வலுப்படுத்துகின்றன. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவற்றின் இணையவழிப் படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வின்படி, 2017-18-இல் பதிவு செய்தவர்களில் 3 விழுக்காட்டினரே படிப்பை முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் செலுத்தியவர்களுள்ளோ முடித்தவர்கள் 46 விழுக்காடு. பணம் கட்டினால் ஊக்கம் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்வது அவசர முடிவு. முன்பே உறுதி கொண்டவர்கள்தாம் பணம் கட்ட முன்வருகிறார்கள் என்பதும் அந்த வேறுபாட்டுக்குள் கலந்திருக்கிறது. இப்படித் தாமே வந்து சேர்ந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிடுவதால் நேரும் பிழையைத் தேர்வுச் சார்பு என்பார்கள். 2014-இல் 69 லட்சம் காணொளி அமர்வுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாயினும் பார்ப்பவரின் கவனம் பொதுவாக 6 நிமிடங்களுக்குமேல் நிற்பதில்லை என்றும், அச்சடித்த படவில்லைகளைக் காட்டிப் பேசுவதைவிடக் கையால் வரைந்தபடி விளக்கும் பாடங்கள் கூடுதல் ஈடுபாட்டைத் தருகின்றன என்றும் கண்டது. கோடு வரைந்தே சிந்திக்கும் பொருளியலுக்கு இந்த இரண்டாவது முடிவு மிகவும் பொருந்தும்.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வும் இங்கே கருதத்தக்கது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 சிறுவர்களைத் தொடர்ந்து சோதித்தபோது, கொரோனாக் காலப் பள்ளி மூடலால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டதாகவும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்ததாகவும் தெரிந்தது. மாலையில் ஊருக்குள்ளேயே தன்னார்வலர் ஒருவர் சிறுவர்களைச் சுற்றி அமர்த்திச் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. கல்லூரி மாணவர்களுக்கும் அதே அளவு பலன் கிட்டும் என்று இதிலிருந்து நேரடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அருகில் அமர்ந்து நோட்டைப் பார்க்கும் ஒருவருக்குக் காணொளி மாற்றாகாது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. பொருளியல் துறை ஆசிரியர் காணொளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விளக்கவுரையைக் காணொளியிடம் ஒப்படைத்துவிட்டு வகுப்பு நேரத்தைக் கணக்குக்கும் வாதத்துக்கும் ஒதுக்கினால் அவர் வேலை கூடும், மதிப்பும் கூடும்.

வாதத்துக்கான பொருள்களுக்கு இம்மாவட்டத்தில் குறைவில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீர் பொதுப்பண்டமா என்று கேட்டால் பல மாணவர்கள் ஆம் என்பார்கள். ஆனால் ஒருவர் குடித்த குடத்தை மற்றவர் குடிக்க முடியாது, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கவும் முடியும் என்பதால் பாடநூல் இலக்கணப்படி அது பொதுப்பண்டம் ஆகாது. அப்படியானால் அரசு ஏன் செலவிடுகிறது? ஒரே ஊருக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு குழாய்த் தொடர் பதிப்பது வீண் என்ற இயற்கை முற்றுரிமைக் காரணமும், நோயற்ற உடல் ஊருக்கே நன்மை தருகிறது என்ற புறவிளைவுக் காரணமும் அங்கே வருகின்றன. அதுபோலவே, ஊரில் உறுதியாகக் கிடைக்கும் கூலியைவிட நகரத்துக் கூலியை அது கிடைக்கும் வாய்ப்போடு பெருக்கி வரும் தொகை அதிகமாக இருந்தால் மக்கள் இடம்பெயர்வார்கள் என்று 1970-இல் ஹாரிஸும் டோடரோவும் எழுதியதை, பெங்களூருக் கட்டட வேலைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். அந்தப் பெருக்கலில் சேராத பள்ளி மாறும் குழந்தையும், ஊரில் தனித்திருக்கும் முதியவரும் அப்போது உரையாடலுக்குள் வருவார்கள்.

இப்படிக் கோட்பாட்டை உள்ளூர்ச் சான்றோடு சரிபார்ப்பதற்கு எளிய தொடக்கமாக அமையக்கூடியது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய இத்திட்டத்தில், ஒவ்வொரு காய்க்குமான அன்றைய விலை, மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் இருக்குமாறு காலையில் நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. தர்மபுரி உழவர் சந்தைப் பலகையின் தக்காளி விலையை ஒரு பருவம் முழுவதும் முறைவைத்துக் குறித்துவரும் வகுப்பிடம், சிலந்தி வலைக் கோட்பாட்டைச் சோதிக்கத்தக்க விலைத்தொடர் ஒன்று சேர்ந்துவிடும்; நடவுக் காலத்து விலையையும் பறிப்புக் காலத்து விலையையும் அருகருகே வரைந்து, கோட்பாடு எங்கே பொருந்துகிறது, மழையும் நோயும் வெளிமாநில வரத்தும் எங்கே அதைக் குலைக்கின்றன என்று எழுதி ஆசிரியரிடம் தரலாம். அடுத்த கட்டமாக, அதே நாளில் பாலக்கோடு மண்டியில் விவசாயியின் கைக்கு வந்த விலையையும் தர்மபுரிக் கடையில் வாங்கியவர் கொடுத்த விலையையும் கேட்டெழுதி, இடைவெளியைக் கமிஷன், சுமைக்கூலி, வண்டி வாடகை, அழுகல் கழிவு, வியாபாரியின் ஆதாயம் எனப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்றை அவர்கள் தயாரிக்கலாம்.